விலை குறைந்த பிரெட் மெஷினில் நல்ல பிரெட் வருமா?

ஐயாயிரத்துக்குள் ஒரு பிரெட் மெஷின் வாங்கினேன், கூட வந்த புத்தகத்தில் உள்ளபடியேதான் செய்கிறேன், ஒரு நாள் கல் மாதிரி வருகிறது, இன்னொரு நாள் நடுவில் குழி விழுகிறது, பேசாமல் விலை கூடிய மெஷினாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். என் மெஷின் அதையும் விட மலிவு. வீடு காலி செய்து போன ஒருவரிடம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு வாங்கியது. நாலு வருஷமாக வாரம் இரண்டு பிரெட் போடுகிறேன். முதல் மாதம் எனக்கும் உங்கள் கதைதான். முதல் பிரெட்டைப் பார்த்துவிட்டு மாமியார், "ஏம்மா, இதை வெச்சு சட்னி அரைக்கலாம் போலிருக்கே" என்றார்.

மலிவான மெஷினுக்குக் கடிகாரம் பார்க்க மட்டும்தான் தெரியும். இத்தனை நிமிஷம் பிசை, இத்தனை நிமிஷம் பொங்க விடு, அப்புறம் சூடாக்கு. மாவு பொங்கியதா, பொங்கி வழிகிறதா என்றெல்லாம் அது பார்க்காது. விலை கூடிய சில மெஷின்கள் அறையின் வெப்பத்தைப் பார்த்து நேரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நம் மெஷினுக்கு அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும், அவ்வளவே.

முதலில் அந்தப் புத்தகத்தை எடுத்து வையுங்கள். அது பெரும்பாலும் குளிரான ஊர்ச் சமையலறைக்கும், புரதம் கூடிய பிரெட் மாவுக்கும் எழுதியது. நம் மைதாவில் புரதம் குறைவு, அத்தனை தண்ணீர் தாங்காது. போதாக்குறைக்குக் கப் அளவு. மைதாவை அழுத்தி எடுத்தால் ஒரு எடை, தூவி எடுத்தால் ஒரு எடை; கப்புக்கு 20, 30 கிராம் வித்தியாசம் வந்துவிடும். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். இந்த விஷயத்தில் நான் செலவழித்த பணத்தில் உருப்படியானது அதுதான்.

என் கணக்கு இது: மைதா 300 கிராம், தண்ணீர் 185 கிராம், உப்பு 6 கிராம், சர்க்கரை 12 கிராம், வெண்ணெய் 15 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 3 கிராம். தண்ணீர் அடியில், மாவு அதன் மேல், மாவில் ஒரு குழி பறித்து அதில் ஈஸ்ட். உப்பு ஓரமாக. கொஞ்சம் கம்மி அரை கிலோவுக்கு ஒரு பிரெட் வரும். ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். பழைய ஈஸ்ட் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையோடு கலந்து பத்து நிமிஷம் வைத்தால் நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் உங்கள் கல்லுக்குக் காரணம் அதுதான்.

இனி முக்கியமான பத்து நிமிஷம். ஸ்டார்ட் அமுக்கியதும் போய் டிவி பார்க்காதீர்கள். ஐந்தாவது நிமிஷம் மூடியைத் திறந்து பாருங்கள், பிசையும்போது திறப்பதால் ஒன்றும் கெடாது. மூலையில் ஒட்டிய மாவை ரப்பர் கரண்டியால் தள்ளிவிடுங்கள். எட்டாவது, பத்தாவது நிமிஷத்தில் மாவு ஒரே உருண்டையாகச் சுற்ற வேண்டும். அடியில் லேசாக ஒட்டி இழுபட வேண்டும், சுவரில் அப்பக் கூடாது. விரலால் தொட்டால் ஒட்டுவது போல இருந்து விட்டுவிட வேண்டும். சப்பாத்தி மாவை விட இளக்கம், காது மடல் போல மெத்து. உருண்டை வெடித்து, தடக் தடக்கென்று சுவரில் மோதினால் ஒரு டீஸ்பூன் தண்ணீர். கூழாகக் கிடந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் மைதா. ஒரு தடவை சேர்த்தால் ஒரு நிமிஷமாவது பொறுத்து அடுத்தது.

பாத்திரத்தின் உட்சுவரைத் தடவிப் பாருங்கள், பல மெஷின்களில் மேடு மேடாக இருக்கும். அதற்கு ஒரு கதை உண்டு. 1980களில் ஜப்பானின் மட்சுஷிடா நிறுவனம் (இன்றைய பானாசோனிக்) வீட்டு பிரெட் மெஷின் செய்தபோது பிசைவது மட்டும் சரியாக வரவில்லை. அங்கே வேலை செய்த இகுகோ தனகா என்ற பெண், ஒசாகாவில் ஒரு ஹோட்டலின் தலைமை பிரெட் மாஸ்டரிடம் போய் வேலை கற்றார். மாஸ்டர் மாவை இழுப்பதோடு நிற்கவில்லை, முறுக்கி இழுக்கிறார் என்று தனகா கண்டுகொண்டார். அந்த முறுக்கல் மெஷினிலும் வருவதற்காகத்தான் பாத்திரத்துக்குள் மேடு வைத்தார்கள். மாவு கூழாக இருந்தால் அந்த மேட்டில் பிடிபடாமல் வழுக்கிவிடும்.

அடுத்து குழி. இட்லி மாவை நினைத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் பொங்க மாட்டேன் என்கும், சித்திரையில் பாத்திரத்தை விட்டு வழியும். ஈஸ்ட்டும் அப்படியே. எங்கள் தாம்பரம் வீட்டுச் சமையலறை மே மாதத்தில் அடுப்பு ஏற்றாமலே 34 டிகிரி இருக்கும். மாவு முக்கால் மணியில் உச்சத்துக்குப் பொங்கிவிடும், மெஷினோ தன் கணக்குப்படி இன்னும் காத்திருக்கும். சூடு ஏறும் நேரத்தில் தாங்க முடியாமல் நடுவில் உட்கார்ந்துவிடும். வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றுங்கள், ஈஸ்ட்டை முக்கால் டீஸ்பூனாகக் குறையுங்கள்.

அதிலும் சரிவரவில்லை என்றால் நான் இப்போது எப்போதுமே செய்வது: முழு பிரெட் புரோகிராமையே விட்டுவிடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் 'டோ' என்று மாவு மட்டும் பிசையும் புரோகிராமும், 'பேக்' என்று சுடுவது மட்டும் செய்யும் புரோகிராமும் இருக்கும். டோ முடிந்ததும் மாவை வெளியே எடுத்து, அடியில் மாவு பிசையும் துடுப்பைக் கழற்றி, மாவைத் தட்டிச் சுருட்டி அதே பாத்திரத்தில் வையுங்கள். விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை பொங்கியதும், அது அரை மணியோ ஒரு மணியோ, பேக் அமுக்குங்கள். எனக்கு 45 நிமிஷம். கடிகாரத்தின் கையிலிருந்து வேலை நம் கைக்கு வந்துவிடும். பிரெட்டின் அடியில் துடுப்பு போட்ட பெரிய ஓட்டையும் இருக்காது, துடுப்பு மாட்டும் அச்சு தொட்ட சின்ன ஓட்டை மட்டும்.

முழுக் கோதுமை மாவில்தான் வேண்டும் என்பவர்களுக்கு: முதல் தடவையே முழுக்கப் போகாதீர்கள், பாதிக்குப் பாதி மைதா. கோதுமை மாவு தண்ணீர் அதிகம் குடிக்கும், 300 கிராமுக்கு 205, 210 வரை. மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி ஊறவிட்டுப் பிறகு ஈஸ்ட், உப்பு சேர்த்தால் உதிர்வது நன்றாகக் குறையும்.

மெஷினுக்கு அடியில் ஒரு ரப்பர் பாய் போடுங்கள். எடை குறைந்த மெஷின், பிசையும்போது கிரானைட் மேடையில் மெல்ல நடக்கும். என்னுடையது ஒரு நாள் விளிம்பு வரை நடந்து போய்விட்டது, மாமியார்தான் ஓடிவந்து பிடித்தார்.

கரண்ட் போனால் பயப்படாதீர்கள். பிசையும்போது போனால் வந்ததும் மறுபடி பிசையலாம். பொங்கும்போது போனால் இன்னும் நல்லது, பொங்கட்டும், வந்ததும் பேக். எனக்கு ஒரு ஐப்பசி மழை ராத்திரி, பேக் அமுக்கிய உடனே போய் மூன்று மணி நேரம் வரவில்லை. மாவை எலுமிச்சை அளவு கிள்ளி, தட்டி, தோசைக்கல்லில் மூடி போட்டுச் சுட்டு, மிச்சமிருந்த குருமாவோடு சாப்பிட்டோம். என் பையன் இன்றும் அதைத்தான் கேட்கிறான்.

வெந்ததும் உடனே வெளியே எடுத்துக் கம்பித் தட்டில் வையுங்கள், உள்ளேயே விட்டால் அடி நசநசத்துவிடும். ஒரு மணி நேரம் ஆறாமல் கத்தி வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் இந்த விதி இதுவரை மூன்று தடவைதான் காப்பாற்றப்பட்டிருக்கிறது.