லூயி வியேர்ன் யார்? அவருடைய இசையை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் 1900 முதல் 1937 வரை ஆர்கன் (காற்றுக் குழாய்களால் ஒலிக்கும் பெரிய விசைப்பலகைக் கருவி) வாசித்தவர் இவர். பிறவியிலேயே கண்புரை, பார்வை மிகக் குறைவு. ஆர்கன் கலைஞர்களும் இசையமைப்பாளர்களுமான செசார் ஃப்ராங்க், விடோர் இருவரிடமும் படித்தார்.

ஆர்கனுக்கென்றே ஆறு சிம்பொனிகள் (வழக்கமாக இசைக்குழு வாசிக்கும், பல பகுதிகள் கொண்ட பெரிய படைப்புகள்) எழுதினார். இங்கே இசைக்குழு கிடையாது, ஒரே கலைஞர்தான். ஆர்கன் செய்பவரான கவாயே-கோல் உருவாக்கிய நோத்ர தாமின் பிரம்மாண்டக் கருவியில் அத்தனை விதமான குரல்கள் இருந்தன. முதல் உலகப்போரில் மகனையும் தம்பியையும் பறிகொடுத்தார். பிற்காலப் படைப்புகளின் இருட்டை அதோடு சேர்த்துத்தான் என்னால் கேட்க முடிகிறது.

1937 ஜூன் 2 அன்று, கச்சேரி நடுவிலேயே, ஆர்கன் முன் உயிர் பிரிந்தது. அருகில் அவருடைய மாணவர் துருஃப்லே இருந்தார்.

சரி, எதைக் கேட்கலாம்? முதல் சிம்பொனியின் கடைசிப் பகுதி. அப்புறம் லண்டன் மணிக்கூண்டின் மெட்டை வைத்து எழுதிய 'வெஸ்ட்மின்ஸ்டர் மணியோசை'. மூன்றாம் சிம்பொனியின் அடாஜியோவையும் (மெதுவான பகுதி) விட்டுவிடாதீர்கள்.