வாசகர் கேள்வி பதில்: பார்வையில்லாமல் நொட்டேஷன் எழுத

கேள்வி: பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்குப் பார்வை கிடையாது. கீபோர்டு நன்றாக வாசிப்பான். எங்கள் சபை கொயருக்கு (பாடகர் குழு) நாலு பார்ட்டையும் ஸ்டாஃப் நொட்டேஷனில் (ஐந்து கோடுகளில் எழுதும் மேற்கத்திய இசைக்குறிப்பு) அவனே எழுத முடியுமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தாராளமாக முடியும். விண்டோஸ் மடிக்கணினி இருந்தால் மேற்கொண்டு செலவில்லை. திரையை வாசித்துச் சொல்ல என்.வி.டி.ஏ., எழுத மியூஸ்ஸ்கோர் 4, இரண்டும் இலவசம்.

புதிய ஸ்கோரில் (இசைத்தாள்) சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் நான்கு குரல்களும் தனித்தனி ஸ்டாஃபில் இருக்கட்டும். பாமாலைப் புத்தகம்போல இரண்டிரண்டாகச் சேர்த்தால் தாள் மிச்சம்தான். காதால் சரிபார்க்கிறவனுக்குத் தலைவலி. கீ சிக்னேச்சரை (எந்தச் சுரங்கள் ஷார்ப், ஃபிளாட் என்று தொடக்கத்தில் காட்டும் குறி) முதலிலேயே வைத்துவிட வேண்டும். எஃப் மேஜர் என்றால் அதன்பின் ‘பி’ (B) அழுத்தினாலே பி ஃபிளாட் விழும்.

‘என்’ விசை எழுதும் நிலைக்குக் கொண்டுபோகும். சுரத்தின் நீளத்துக்கு எண்கள்: 4 எய்த் நோட் (அரைக்கால்), 5 குவார்ட்டர் (கால்), 6 ஹாஃப் (அரை). நீளத்தை அழுத்திவிட்டு நோட்டின் எழுத்தை அழுத்தவும், ரெஸ்டுக்கு (மௌன இடைவெளி) 0. எண்களை மேல்வரிசையிலேயே அழுத்தப் பழக்குங்கள். நம்லாக் அணைந்திருந்தால் வலப்பக்க எண்களை என்.வி.டி.ஏ. தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்.

பிழை வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முந்தைய நோட்டுக்கு எந்த ஆக்டேவ் (ஸ்தாயி) அருகில் இருக்கிறதோ அதில்தான் மென்பொருள் அடுத்ததைப் போடும். கீழ் சி-யிலிருந்து மேலே ஏ-க்குத் தாவ நினைத்தால், சி-க்குக் கீழே உள்ள ஏ வந்துவிடும். கன்ட்ரோலுடன் மேல் அம்புக்குறி அழுத்தினால் ஓர் ஆக்டேவ் ஏறும். மற்றது இதைவிட மோசம்: கட்டுரை படிக்கிற பழக்கத்தில் மேல், கீழ் அம்புக்குறியை வெறுமனே அழுத்தினால் சுருதி அரைப்படி மாறிவிடும். எழுதியதைக் கேட்டுப் பார்க்க இடது, வலது அம்புக்குறி மட்டுமே. கை தவறினால் உடனே கன்ட்ரோல்+இசட்.

பாட்டு வரிக்குக் கன்ட்ரோல்+எல். சொல் முடிந்தால் ஸ்பேஸ், சொல்லின் நடுவே அசை பிரிந்தால் ஹைஃபன்.

கேள்வி: பிரெயில் நொட்டேஷனும் படிக்க வேண்டுமா? காதே போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மனப்பாடத்துக்குக் காது போதும், நடுவில் ஒரு பாரை (தாளப் பகுதி) மட்டும் எடுத்துப் பார்க்க விரல் வேண்டும். கற்பது கடினமில்லை. ஆங்கிலப் பிரெயிலின் டி (D) முதல் ஜே (J) வரையான ஏழு எழுத்துகள்தான் சி (C) முதல் பி (B) வரையான எய்த் நோட்டுகள். அதோடு ஆறாம் புள்ளி சேர்ந்தால் குவார்ட்டர், மூன்றாம் புள்ளி சேர்ந்தால் ஹாஃப், இரண்டும் சேர்ந்தால் ஹோல் நோட். மியூஸ்ஸ்கோரின் எக்ஸ்போர்ட் பகுதியில் பிரெயில் கோப்பாகவே எடுக்கலாம்.

கேள்வி: கர்நாடக சங்கீத மாணவிக்கும் இதே மென்பொருள்தானா?
– வாசகி, சுசீந்திரம்

பதில்: வேண்டாம், கமகம் (சுரத்தின் அசைவு) ஸ்டாஃபில் அடங்காது. சாதாரண நோட்பேடில் ச ரி க ம என்று தமிழிலேயே தட்டச்சு செய்யட்டும். ஆனால் கார்வைக்கு (சுரத்தை நீட்டுவது) போடும் காற்புள்ளியையும் அரைப்புள்ளியையும் என்.வி.டி.ஏ. வழக்கமாகச் சொல்லாமல் தாண்டிவிடும்; தாளக் கணக்கு உதைக்கும். இன்சர்ட்+பி-யை (P) திரும்பத் திரும்ப அழுத்தி, எல்லாக் குறிகளையும் வாசிக்கும் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சுரத்தின் தலையில் வைக்கும் தாரஸ்தாயி (மேல் ஸ்தாயி) புள்ளிக்குப் பதிலாகச் சுரத்துக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டால் அதையும் சொல்லிவிடும்.