திருத்தம் உங்கள் கணினியோடு நின்றுவிடக் கூடாது

கேள்வி: மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மரபணு வரிசைகளைப் பிரித்தெடுக்கும் திறந்தமூல மென்பொருள் ஒன்றில், தொடக்க இடத்தைக் கணக்கிடுவதில் பிழை இருப்பதைக் கண்டு, என் பிரதியில் மட்டும் திருத்திக்கொண்டேன். அதை அந்த மென்பொருளை உருவாக்கும் திட்டக் குழுவுக்கு அனுப்ப ஆசை. ஆனால் நான் நிரலாக்கம் முறையாகப் படித்தவள் அல்ல. கட்டுரை வெளிவரும்வரை எதுவும் வெளியே போகக்கூடாது என்கிறார் நெறியாளர். என்ன செய்யலாம்?

பதில்: அனுப்பத்தான் வேண்டும். மரபணு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிக்கும் ஜிஎஃப்எஃப் (GFF) கோப்பு, இடங்களை 1 முதல் எண்ணுகிறது. பைத்தான் நிரல்மொழி 0 முதல் எண்ணுகிறது. கோப்பில் 101 என்று உள்ள தொடக்கத்தை அப்படியே பைத்தானில் கொடுத்து வெட்டினால், புரதம் தொடங்கும் இடத்தைக் குறிக்கும் 'ஏடிஜி' (ATG) என்ற மூன்றெழுத்துத் தொடக்கக் கோடானின் முதல் எழுத்து விழுந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு மும்மையும் ஓரெழுத்து தள்ளிப்போய், கிடைக்கும் புரத வரிசையே வேறாகிவிடும். நிரலோ எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடி முடியும். ஏடிஜி குறிக்கும் அமினோ அமிலமான மெத்தியோனினில் புரதம் தொடங்கவில்லையே என்று உறுத்தியது உங்கள் உயிரியல் அறிவுக்குத்தான். அந்தப் பார்வை கிடைக்காமல்தான் இத்தகைய திட்டங்கள் தவிக்கின்றன. இதே மென்பொருளை நம்பி வேறு ஆய்வகங்களிலும் முடிவுகள் எழுதப்படுகின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

முறையான படிப்பு இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். 1999-இல் தொடங்கிய, உயிரியல் தரவுகளைக் கையாளும் பைத்தான் நிரல் தொகுப்பான பயோபைத்தான் போன்ற திட்டங்கள் தன்னார்வலர்களின் உழைப்பில் வளர்ந்தவை. தம் ஆய்வுத் தேவைக்காக நிரல் எழுதத் தொடங்கியவர்கள் அவர்களில் பலர். உங்கள் நிரலைப் பார்ப்பவர்கள் மாறியின் பெயரை மாற்றச் சொல்வார்கள், சோதனை நிரல் கேட்பார்கள். அது எல்லோருக்கும் உள்ள நடைமுறை. மனம் வருந்த வேண்டியதில்லை.

நெறியாளரின் கவலை நியாயமானது, ஆனால் அதற்கு எளிய தீர்வு இருக்கிறது. பிழையைக் காட்ட உங்கள் ஆய்வுத் தரவு தேவையே இல்லை. முப்பது எழுத்துகள் கொண்ட கற்பனை வரிசை ஒன்றையும், ஒரே ஒரு மரபணுவைக் குறிக்கும் சிறிய ஜிஎஃப்எஃப் கோப்பையும் நீங்களே உருவாக்கி, எது வர வேண்டும், எது வருகிறது என்று இரண்டையும் எழுதுங்கள். அந்தச் சிறு கோப்பையே சோதனை நிரலாகவும் சேர்த்துவிட்டால், பிற்காலத்தில் யாராவது தெரியாமல் அந்த வரியை மாற்றினாலும் சோதனை தோற்றுக் காட்டிக்கொடுக்கும். என் கணிப்பில், திருத்தத்தைவிட அந்தச் சோதனைதான் நீங்கள் தரும் பெரிய பங்களிப்பு. இதை நெறியாளரிடம் காட்டி, உங்கள் நிறுவனத்தில் எழுதப்படும் நிரலின் உரிமை யாருடையது என்பதையும் கேட்டுத் தெளிந்து, எழுத்தில் ஒப்புதல் பெற்றபின் அனுப்புங்கள். திட்டத்தின் உரிமத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அனுப்பாமல் வைத்துக்கொண்டால், புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அதே வரியை நீங்களே மறுபடி திருத்த நேரும். ஏற்கப்பட்டால், ஆய்வேட்டின் செய்முறைப் பகுதியில் திருத்தம் இடம்பெற்ற பதிப்பின் எண்ணை மட்டும் குறிப்பிட்டால் போதும். அதற்கு முன், பிழையோடு இருந்த பிரதியில் நீங்கள் எடுத்த பழைய வரிசைகள் அனைத்தையும் மறுபடி பிரித்தெடுத்துச் சரிபார்த்துவிடுங்கள்.