டெல்லி விருந்துகளும் வக்கீல் தொழிலும்: மதுரையிலிருந்து வந்திருக்கும் தங்கைக்கு

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஜூனியர் வழக்கறிஞராக இருந்துவிட்டு டெல்லிக்கு வந்திருப்பதாகவும், வாரம் தவறாமல் விருந்து அழைப்புகள் வருவதாகவும், போகாவிட்டால் தொடர்புகள் கிடைக்காது என்று உடன் பணிபுரிவோர் சொல்வதாகவும், போனால் மறுநாள் வழக்குக் கட்டைப் படிக்க நேரமில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாடகை, குளிருடுப்பு, இந்தி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டுக்கும் மயூர் விஹாரிலோ ஆர்.கே. புரத்திலோ உள்ள எந்தத் தமிழ்க் குடும்பமும் என்னைவிட நன்றாகப் பதில் சொல்லும். இந்தி நீதிமன்ற வராந்தாவில் தானாக வந்துவிடும். விருந்தைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

உங்களுக்கு வேலை எங்கிருந்து வரப்போகிறது என்பதை முதலில் யோசியுங்கள். உச்ச நீதிமன்றத்தில் தொழில் செய்யும் தமிழ் வழக்கறிஞரிடம் வழக்கைத் தருபவர் பெரும்பாலும் கட்சிக்காரர் அல்லர். ஊரில் அந்த வழக்கை நடத்திய வழக்கறிஞர்தான். உயர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் சிறப்பு அனுமதி மனு போட 90 நாள் கெடு என்றால், கட்டு 85ஆம் நாள்தான் நம் கைக்கு வரும், அதுவும் தமிழ் ஆவணங்கள் மொழிபெயர்க்கப்படாமல். இரவெல்லாம் உட்கார்ந்து மொழிபெயர்த்து, நீதிமன்றப் பதிவகம் மனுவில் சுட்டும் குறைகளை நீக்கி, உத்தரவு வந்த அன்று மாலையே ஊருக்குத் தொலைபேசியில் சொல்கிறவருக்கே அடுத்த கட்டும் வரும். விருந்துகள் நடக்கும் சத்தர்பூர் பண்ணை வீடுகளில் என்னோடு கைகுலுக்கியவர்களில் ஒருவர்கூட எனக்கு ஒரு கேவியட் மனுவும் (நம்மைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்று முன்கூட்டியே போடும் சிறு மனு) தந்ததில்லை.

இதில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. பார் கவுன்சில் விதிகளில் 36ஆம் விதி, வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ வேலை கேட்டுப் போவதைத் தடை செய்கிறது. அப்படியிருந்தும் பொங்கல் விழாவிலும் மலை மந்திர் முருகன் கோயில் கந்த சஷ்டிக் கூட்டத்திலும் விசிட்டிங் கார்டு நீட்டும் நம்மவர்களைப் பார்க்கிறேன். பிரசாதத் தொன்னையைப் பிடித்திருப்பவர் அந்த அட்டையை எந்தக் கையால் வாங்குவார் என்றுகூட அவர்கள் யோசிப்பதில்லை. நீதிபதியோடு படமெடுத்துப் போடுகிறவர்கள் இன்னொரு வகை. தம் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களோடு நெருங்கிய பழக்கத்தை நீதிபதிகள் தவிர்க்க வேண்டும் என்று 1997இல் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட நெறிமுறை சொல்கிறது. ஆகவே வரவேற்பில் ஒரு நீதிபதியைக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அதுவே அவருக்கு நீங்கள் காட்டும் மரியாதை.

செலவையும் கணக்கில் வையுங்கள். ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024 அக்டோபரில் பார் கவுன்சில் சொன்னது பரிந்துரைதான், கட்டாயமில்லை. அந்தத் தொகை கிடைத்தாலும் இரவு டாக்ஸிக்கும் மொய் உறைக்கும் மாற்றுப் புடவைக்கும் பாதி போய்விடும். நான் முதலில் சேர்ந்த அலுவலகத்தில், தீபாவளிக்கு முந்தைய வாரம் முழுதும் ஜூனியர்கள் உலர்பழப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கட்சிக்காரர் வீடு வீடாகச் சுற்ற வேண்டியிருந்தது. அதற்குத் தொடர்பு வளர்த்தல் என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்டியை வாங்கிய எவரும் கொண்டுவந்தவரின் பெயரைக் கேட்டதில்லை.

பஞ்சாபித் திருமணங்களுக்கு நான் ஒரு முறை வைத்திருக்கிறேன். அழைப்பில் எட்டு மணி என்றிருந்தாலும் மாப்பிள்ளை ஊர்வலம் பத்துக்கு முன் வாசலுக்கு வராது; சாப்பாடு அதற்கும் பிறகுதான். நான் எட்டரைக்குப் போய், பெண்ணின் பெற்றோரைப் பார்த்து, 1,101 ரூபாய் உறையைக் கொடுத்து, நுழைவாயிலருகே சுடச்சுடத் தரும் ஆலு டிக்கியைச் சாப்பிட்டுவிட்டு, மேளம் நெருங்குமுன் கிளம்பிவிடுவேன். கையில் எலுமிச்சை சோடா இருந்தால் வேறு எதையும் குடிக்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. பண்ணை வீடுகளிலிருந்து மெட்ரோ நிலையம் வெகு தூரம் என்பதால், திரும்பும் வண்டியை உறுதி செய்துகொள்ளாமல் நீங்கள் தனியாகப் போகவே கூடாது. ஞாயிறு மாலை அழைப்பு என்றால் எனக்கு யோசனையே கிடையாது, போவதில்லை. திங்கட்கிழமை வழக்குகளுக்கு மூத்த வழக்கறிஞர்களோடு கான்பரன்ஸ் நடப்பது அப்போதுதான். அங்கே கேட்ட கேள்விக்குக் கட்டின் பக்க எண்ணோடு பதில் சொல்லும் ஜூனியரை அவர்கள் மறப்பதில்லை. வழக்கறிஞர் சங்கத் தேர்தல் விருந்துகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பசித்தால் போய்ச் சாப்பிடுங்கள்.

தவறாமல் போக வேண்டிய இடங்களும் உண்டு. என் குமாஸ்தாவின் மகள் திருமணத்துக்காக முன்கூட்டியே சொல்லி ஒரு வேலைநாள் முழுவதையும் ஒதுக்கினேன். மனுவில் எந்தப் பக்கம் மங்கலாக இருந்தால் பதிவகம் திருப்பும் என்பதை எனக்குக் கற்றுத்தந்தவர் அந்தக் குமாஸ்தா. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வீட்டுத் துக்கத்துக்கும் போக வேண்டும். தமிழர் தவிர வேறு யாரோடும் பழகாமல் இருபது ஆண்டுகளாகக் குளிரையும் ரொட்டியையும் குறைசொல்லிக்கொண்டிருப்பவர்களையும், இரண்டே ஆண்டுகளில் சாம்பார் பிடிக்காமல் போனவர்களையும் இங்கே சந்திப்பீர்கள். இரு சாராரிடமும் அளவாக இருங்கள்.

பண்டிகை நாள்களில் தனியாகிவிடுவோம் என்று நீங்கள் பயப்பட வேண்டாம். நம் தீபாவளி விடியற்காலையில் எண்ணெய்க் குளியலோடு முடிந்துவிடும். இவர்களுடைய இலட்சுமி பூஜை மாலையில், பல ஆண்டுகளில் மறுநாள்தான். கரோல் பாக் மாடி அறையில் இருந்த முதல் தீபாவளிக்கு, நான்கு மணிக்கு இருட்டில் வாளியை உருட்டி வெந்நீர் போட்டேன். வீட்டுக்காரம்மாள் ஏதோ விபரீதம் என்று பதறி மேலே வந்தார். தலையில் நல்லெண்ணெயோடு நின்ற எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன்; அன்று முதல் அவர் வீட்டுப் பூஜைக்கு நானும் உட்கார்ந்தேன். அவர் மூலம் ஒரு வழக்கும் வந்ததில்லை. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்யும் உரிமைக்கான ஏ.ஓ.ஆர். தேர்வு எழுதிய நாள்களில் தினமும் காலையில் மூலி (முள்ளங்கி) பராத்தா வந்தது. பதிலுக்கு அம்மா போட்ட எலுமிச்சை ஊறுகாயைக் கொடுத்தேன். அது காரம் என்று அவர் கணவர் இன்றும் குறைசொல்கிறார், ஆனால் பாட்டிலைத் திருப்பித் தரவில்லை.