ஏசி அறையில் காற்று மாறுகிறதா: எப்படி அளப்பது?

பாளையங்கோட்டை மாடி வீட்டில், ஜன்னலை அடைத்து ஏசி போட்டுத் தூங்கினால் காலையில் அறை புழுங்கி நாறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்பிளிட் ஏசி உள்ளே இருக்கும் காற்றையே குளிர்விக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது.

காற்று மாறுகிறதா என்பதை, நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடை வைத்து அளக்கலாம். அதற்கு ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குங்கள். அகச்சிவப்பு ஒளியால் அந்த வாயுவையே நேரடியாக அளக்கும் 'என்.டி.ஐ.ஆர்.' சென்சார் உள்ளதுதான் வேண்டும். மலிவானவற்றில் பலவும் வேறு வாயுக்களை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுபவை. ஊதுவத்திப் புகைக்கே எகிறிவிடும்.

முதலில் மொட்டைமாடியில் பத்து நிமிடம் வையுங்கள். சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) காட்டும். பிறகு அறையைப் பூட்டி இருவர் இருந்து அளவை 1620-க்கு ஏற்றுங்கள். ஃபேனை மெதுவாக ஓடவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். ஒருவர் உள்ளே இருந்தாலும் கணக்கு கெடும். மீட்டர் அறை நடுவில், நாற்காலி உயரத்தில் இருக்கட்டும்.

வெளிக்காற்றைவிட மிகுதி 1200. அது பாதியாகி மீட்டர் 1020 காட்ட எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். 0.69-ஐ அந்த மணிக்கணக்கால் வகுத்தால், மணிக்கு எத்தனை முறை காற்று மாறுகிறது என்பது கிடைக்கும். இரண்டு மணி என்றால் 0.35. பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயர அறைக்கு இது மணிக்குப் பன்னிரண்டு கன மீட்டர்தான். இருவர் தூங்கினால் விடிவதற்குள் மீட்டர் 2000-ஐத் தொடும்.

ஹாலிலும் ஆட்கள் இருந்தால் கதவடி இடுக்கு வழியாக அந்தக் காற்று கலந்துவிடும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய்க் காற்று மேற்கு ஜன்னலில் மோதும்போது எடுத்த அளவை நம்பாதீர்கள். காற்றசையாத சித்திரை இரவில் மறுபடி எடுங்கள். வெண்டிலேட்டரைத் திறப்பதா, எக்ஸாஸ்ட் ஃபேன் வைப்பதா என்பதை அந்த எண்ணை வைத்து முடிவுசெய்யுங்கள்.