பால் பல்லில் பழுப்பு: தண்ணீரா, பாட்டிலா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் அங்கன்வாடியில் வேலை செய்கிறேன். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்கே முன்பல் கரைந்திருக்கிறது. ராத்திரி பாட்டிலில் சர்க்கரைப் பால் வேண்டாம் என்றால், "இது தண்ணிக் கறை டீச்சர், ஊருக்கே இருக்கு. விழுந்து முளைக்கிற பல்தானே" என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில், பல்லில் கறை படியவைக்கும் ஃபுளோரைடு உப்பு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஆனால் அந்தக் கறை பெரும்பாலும் ஆறு வயதுக்கு மேல் முளைக்கும் பற்களில்தான் தெரியும். இரண்டு வயதில் மேல் முன்பல் ஈறோரமாகக் கரைந்தால், அநேகமாக அது சொத்தைதான்.

இதை வாதாடிப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் வேண்டும். பிள்ளையை மடியில் சாய்த்து, மேலுதட்டைத் தூக்கச் சொல்லுங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளையாகத் தெரிந்தால் அது ஆரம்பம். அப்போதே கவனித்தால் நிறுத்திவிடலாம். பிறகு கீழ் முன்பற்களைக் காட்டுங்கள். பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். "தண்ணி காரணம்னா கீழ்ப்பல் மட்டும் எப்படிம்மா தப்பிச்சுது?" என்று கேளுங்கள். பாட்டில் சப்பும்போது கீழ்ப்பல்லை நாக்கு மூடிக்கொள்கிறது, பால் மேல்பல்லில் தேங்குகிறது. தூக்கத்தில் எச்சில் குறைவதால் அதைக் கழுவ ஆளில்லை.

அப்புறம், "பாட்டில் இல்லேன்னா ராத்திரி என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். விடியற்காலை வேலைக்குப் போக வேண்டும், பிள்ளை அழுதால் மாமியார் திட்டுவார் என்று நிஜமான காரணம் அப்போதுதான் வரும். பாலைக் கலக்குவதே மாமியார்தான் என்றால், பேச வேண்டியது அவரிடம். ஒரே நாளில் பாட்டிலைப் பிடுங்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். முதலில் சர்க்கரையை நிறுத்தலாம். பிறகு தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போய் வெறும் தண்ணீரில் முடிக்கலாம். இல்லை, படுக்குமுன் டம்ளரில் பால் கொடுத்துப் பல் தேய்த்துவிடலாம். எது முடியும் என்று அவர்களே சொல்லட்டும்.

விழுகிற பல்தானே என்பவர்களுக்கு: கடைவாய்ப் பால் பல் விழப் பத்துப் பன்னிரண்டு வயதாகும். அதுவரை வலியோடு களி தின்பது யார்?

"ஃபுளோரைடு ஊரில் ஃபுளோரைடு பேஸ்ட்டா?" என்றும் கேட்பார்கள். அளவாகப் போடலாம்: மூன்று வயதுக்குள் அரிசி அளவு, ஆறு வரை பட்டாணி அளவு, பெரியவர்களே தேய்த்துவிட வேண்டும். கவனம் வேண்டியது குடிநீரில்தான். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஈறில் சீழ்க்கட்டியோ முகத்தில் வீக்கமோ தெரிந்தால் பேச்சு வேண்டாம், அன்றே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.