மொட்டை மாடியில் என்ன தெரிகிறது? ஊரடங்கு நாட்களின் கேள்வி பதில்

இது 2020 ஏப்ரல். கொரோனா ஊரடங்கு மே 3 வரை நீண்டுவிட்டது. வீட்டிலிருந்தே பறவை பார்ப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பள்ளியில் விலங்கியல் பாடம் நடத்தியவள் என்பதாலோ என்னவோ, பறவையில் தொடங்கி மனசு வரைக்கும் கேட்டிருக்கிறீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

டீச்சர், விடியற்காலை நாலரைக்கே குயில் ஆரம்பித்துவிடுகிறது. இந்த வருஷம்தான் இப்படியா? எதிர்வீட்டு மாமரத்தில் கறுப்பாக ஒன்று, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு ஒன்று. புள்ளி போட்டது என்ன பறவை? (குரோம்பேட்டை)

இரண்டும் குயில்தான். கறுப்பு ஆண், புள்ளி போட்டது பெண். கூவுவது ஆண். பெண் 'கிக் கிக் கிக்' என்று கத்திக்கொண்டே கிளை மாறும். இது அவை முட்டையிடும் பருவம், அதனால் ஒவ்வொரு சித்திரையிலும் இந்தக் கூவல் உண்டு. பஸ்ஸும் ஹாரனும் ஓய்ந்திருப்பதால் இந்த வருஷம் நம் காதுக்கு முழுசாக வந்து சேர்கிறது.

அதே மரத்திலோ பக்கத்திலோ காக்கைக் கூடு இருக்கிறதா என்று தேடுங்கள். குயில் தானாகக் கூடு கட்டாது, பெரும்பாலும் காக்கைக் கூட்டில்தான் முட்டை வைக்கும். ஆண் கூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று சத்தம் போடும், காக்கைகள் அதை விரட்டிக்கொண்டு ஓடும், அந்த நேரம் பார்த்து பெண் உள்ளே நுழைந்துவிடும். இதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். காத்திருக்க நேரமில்லை என்ற பேச்சுக்கு இப்போது இடமே இல்லையே! சில வாரம் கழித்து, காக்கை ஒன்று தன் ஜாடையே இல்லாத குஞ்சுக்கு ஓடி ஓடி ஊட்டுவதையும் பார்ப்பீர்கள்.

எங்களுக்கு மாடி கிடையாது, பால்கனி கிடையாது. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். நான் எதைப் பார்ப்பது அக்கா? (திருவல்லிக்கேணி)

அந்தச் சுவருக்கு மேலே ஒரு துண்டு வானம் இருக்கும் இல்லையா, அது போதும். காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் பருந்து வட்டம் போடும். வாலின் நுனி நடுவில் லேசாகப் பிளந்திருந்தால் கரும்பருந்து. உடம்பு செங்கல் நிறமாக, தலையும் மார்பும் வெள்ளையாக இருந்தால் செம்பருந்து, நம் ஊரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்களே, அது.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், பத்து நிமிடம் நில்லுங்கள். புதுசாக என்ன வரும் என்று தேட வேண்டாம். நேற்று வந்த அணில் இன்றும் அதே குழாய் வழியாக இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு வாரத்தில் அந்தச் சுவருக்கே ஒரு கால அட்டவணை இருப்பது தெரியும். எனக்குத் தெரிந்து வீட்டுக்குள் அடைந்திருக்கும் மனசுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. காலையில் எழும்போதே நமக்காக ஒன்று நடக்கப்போகிறது என்ற எண்ணம் வந்துவிடும்.

தண்ணீர் வைத்தால் ஒரு பறவையும் வரவில்லை. கொசுதான் வருகிறது. (வேலூர்)

பிளாஸ்டிக் வாளியில் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அகலமான மண் தட்டு வாங்குங்கள். தண்ணீர் இரண்டு விரல்கடை ஆழம் இருந்தால் போதும், நடுவில் சொரசொரப்பான ஒரு கல்லைப் போடுங்கள். பூனை பதுங்க முடியாத, ஆனால் கொஞ்சம் நிழல் விழுகிற இடமாக வையுங்கள். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, தட்டின் ஓரத்தை நார் போட்டுத் தேய்க்க வேண்டும். டெங்கு பரப்பும் கொசு முட்டையை அந்த ஓரத்தில்தான் ஒட்டி வைக்கும். முதலில் காக்கை வரும், அப்புறம் மைனா, அப்புறம் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக. பொறுத்திருங்கள்.

வெனிஸ் கால்வாயில் டால்பின் வந்ததாக வாட்ஸ்அப்பில் வந்ததே, உண்மையா மேடம்?

இல்லை. அந்த டால்பின் இத்தாலியின் சார்டினியா தீவிலுள்ள துறைமுகத்தில் எடுத்த காட்சி. வெனிஸின் அன்னங்கள் என்று வந்த படம் பக்கத்திலுள்ள புரானோவில் எடுத்தது, அங்கே அவை எப்போதும் உண்டு. ஆனால் ஜலந்தரிலிருந்து இமயத்தின் தௌலாதார் மலைத்தொடர் தெரிந்தது உண்மை. வண்டியும் ஆலையும் நின்று காற்றுத் தெளிந்ததால் தெரிந்தது. பொய்யை அனுப்பாதீர்கள். நிஜமாகவே நடப்பது இவ்வளவு இருக்கிறது.

ஏழு வயசுப் பையன். கார்ட்டூன் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டான். ஏதாவது சொல்லுங்களேன். (சென்னை)

வருகிற 24-ஆம் தேதி நண்பகல் 12.07 வாக்கில் அவனை மாடிக்குக் கூட்டிப்போங்கள். சென்னைக்கு அன்று நிழலில்லா நாள். சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நேராக நிறுத்திய டம்ளரின் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். இன்றிலிருந்தே தினமும் அதே நேரத்துக்கு ஒரு குச்சியை நட்டு, நிழலின் நுனியில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். கோடு நாளுக்கு நாள் குச்சியை நெருங்கி வருவதைக் கண்டுபிடித்தானென்றால் அவனைக் கையில் பிடிக்க முடியாது. சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மதுரைக்காரர்களுக்கு இது 16-ஆம் தேதி, 12.17 வாக்கில். சாயங்காலம் மேற்கே பளிச்சென்று தெரிவது வெள்ளி. இந்த மாதம் 3, 4 தேதிகளில் அது கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்துக்குள்ளேயே நின்றது. இப்போது கொஞ்சம் விலகியிருக்கிறது.

டெல்லியிலிருந்து குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்கு நடப்பவர்களை டிவியில் பார்க்கிறேன். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, சம்பளம் வருகிறது. இந்த நேரத்தில் குருவி பார்த்துச் சந்தோஷப்படுவது அசிங்கமாக இருக்கிறது மேடம்.

தம்பி, உறுத்துகிறது என்றால் உங்களுக்கு மனசு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அதை அடக்க வேண்டாம். ஆனால் நீங்கள் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்வதால் நடக்கிறவர்களின் காலில் ஒரு கொப்புளம்கூடக் குறையப்போவதில்லை.

வேறு சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு, வராத நாளுக்கும் சேர்த்து முழுச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா? தெருமுனையில் இஸ்திரி போடுபவர் இப்போது எதை வைத்துச் சாப்பிடுகிறார்? தூய்மைப் பணியாளருக்குக் கை தட்டினோம், சரி. பயன்படுத்திய முகக்கவசத்தைத் தனியாகக் கட்டி, வெளியே எழுதி வைக்கிறோமா, இல்லை காய்கறித் தோலோடு கலந்து போட்டு அவர் கையால் பிரிக்க விடுகிறோமா? நன்றி என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இதையெல்லாம் செய்துவிட்டு குருவியையும் பாருங்கள், தப்பே இல்லை.

தினமும் நன்றிக் குறிப்பு எழுதினால் மனசு லேசாகும் என்கிறார்கள். எழுதிப் பார்த்தேன், மூன்றாம் நாளே அலுத்துவிட்டது. (கோவை)

'கடவுளுக்கு நன்றி, குடும்பத்துக்கு நன்றி' என்று எழுதியிருப்பீர்கள். தினமும் எழுத வேண்டும் என்பதும் இல்லை. அமெரிக்காவில் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறைதான் எழுதினார்கள், ஐந்து விஷயம் வரை. எரிச்சல்களைப் பட்டியலிட்டவர்களைவிட அவர்கள் தங்கள் வாழ்க்கையை நிறைவாகப் பார்த்தார்கள். என் அனுபவத்தில், சின்னதாக, அன்றைக்கு மட்டுமே நடந்ததாக எழுதினால் அலுக்காது. 'பால்காரர் இன்று மணியடித்துவிட்டுத் தள்ளி நின்று, அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.' அது ஒரு குறிப்பு.

ஆனால் தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் நாட்கள் ஓடினால் நோட்டுப் புத்தகம் போதாது. தமிழக அரசின் சுகாதார உதவி எண்ணான 104-ஐ அழையுங்கள், மனநல ஆலோசனையும் தருகிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அம்மாவுக்கு எண்பது வயது, பார்வை மங்கல். அவருக்கு என்ன காட்டுவது?

காட்ட வேண்டாம், கேட்க வையுங்கள். மத்தியானம் வெயில் உறைக்கும்போது செம்புப் பாத்திரத்தைத் தட்டுவதுபோல் 'டொக் டொக் டொக்' என்று விடாமல் ஒரு சத்தம் வரும். அது குக்குறுவான். அப்புறம் செம்போத்து, அக்காக்குருவி என்று அவர் ஊரில் எதையெல்லாம் எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். பேரப்பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

தொட்டி எலுமிச்சையில் இரண்டு இலையை யாரோ தைத்து வைத்ததுபோல் இருக்கிறது. உள்ளே பஞ்சு. பிரித்து எறியலாமா? (தாம்பரம்)

ஐயோ, தொடவே தொடாதீர்கள்! அது தையல்சிட்டின் கூடு. இலை ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் அதன் வழியாக இழுத்துத் தைத்திருக்கிறது. பெரும்பாலும் மூன்று முட்டை இருக்கும். அடைகாக்க ஏறக்குறைய 12 நாள், குஞ்சு வெளியேற இன்னும் இரண்டு வாரம். போனை உள்ளே நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். தண்ணீரைத் தொட்டியின் ஓரமாக ஊற்றுங்கள், இலை மேல் தெளிக்காதீர்கள். துணிக் கொடி பக்கத்தில் இருந்தால், ஒரு மாதத்துக்குத் தள்ளிக் கட்டிக்கொள்ளுங்கள்.